சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வலை

இயேசு மரி சூசை துணை

கல்மண்டபம், இராயபுரம்.
22-11-1954, திங்கட்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் அருள்பிரகாசம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் கஸ்பார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் ஆலிஸும் இங்கே சுகம். ஜோலார்பேட்டையில் தங்கள் சுகத்துக்கும், ரயில்வே குவார்ட்டர்ஸில் கரையான் குறைந்ததா என்பதற்கும் பதில் எழுதவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் மாற்றலாகிப் போகும்போது என்னை நம்பி விட்டுச் சென்ற நூற்றுநாற்பது இசைத்தட்டுகளும் சோப்புப் பெட்டிகளில், கட்டிலுக்கு அடியில், மழைத்தண்ணீர் தொடும் தூரத்தில் கிடப்பதாக யாரோ தங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பெரம்பூரிலிருந்து வந்துபோகிறவர்கள் ஒரே ஒரு குடும்பம்தான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒழுங்கான இடம் இல்லாவிட்டால் அத்தனையையும் பெரம்பூரில் தங்கள் மூத்த தங்கை அடைக்கலமேரி வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு மாற்றிவிடுவேன் என்று தாங்கள் எழுதியதை ஆலிஸ் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மற்ற நூற்றுமுப்பத்தொன்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. உங்கள் அப்பா ஆர்மோனியம் வாசிக்க, கோயில் பாடகர் குழு பாடிய அந்த ஒன்றுதான் அவளுக்கு உயிர். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மாமா ஒருமுறை இருமுவார் அல்லவா, அந்த இருமலுக்காகவே வாரத்துக்கு ஒருதரம் அதைப் போடுகிறாள். பாட்டு முடியும்வரை பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. அதை அவளிடமிருந்து எடுத்துப் போவது நடக்கக்கூடாத காரியம் என்று நான் முடிவு செய்து, சுவரில் ஒரு அலமாரிப் பலகை என் கையாலேயே செய்து மாட்டிவிட்டேன் என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தச்சனைக் கூப்பிடலாம் என்று ஆலிஸ் சொன்னாள். பத்தொன்பது வருஷமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ரயில் எஞ்சினையே கப்பலிலிருந்து கரைக்கு இறக்கியவன், எழுபது இராத்தல் பாட்டைச் சுவரில் ஏற்றத் தச்சனைக் கூப்பிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஆகவே ரங்கூன் தேக்குப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பலகை எடுத்தேன். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அதில் இங்கிலீஷில் அச்சிட்டிருப்பது இப்போது தலைகீழாகத் தெரியும், தாங்கள் வரும்போது அதைப் பார்த்து எதுவும் நினைக்க வேண்டாம். 14-ஆம் தேதி ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் ஆணியை அடித்தேன். ஆணி நின்றது, சுண்ணாம்புதான் விழுந்தது. இரண்டாவது ஆணிக்குச் செங்கல்லே தூளாகி என் காப்பியில் கொட்டியது. உப்புக்காற்று அறுபது வருஷமாகத் தின்ற சுவர், அதில் ஆணி நிற்காது என்று கண்டுகொண்டு, பழைய இரும்புக்கடையில் பதினெட்டு அங்குல போல்ட்டுகள் நான்கு வாங்கி வந்து, பலகை உட்கார இந்தப் பக்கம் ஆறு அங்குலம் விட்டு அடித்தேன். சுவரின் கனம் ஒன்பது அங்குலம் என்பதை நான் அளக்கவில்லை என்று ஆலிஸ் சொல்வாள். அளந்தேன், போல்ட்டுகளை அடித்து முடித்த பிறகு.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கத்துக்கும் ஒரே சுவர் என்பது தங்களுக்குத் தெரியும். கட்டுமரம் போகிறவர், நல்ல மனிதர், அவர் பெண்சாதி குப்பம்மா அவரைவிட நல்லவள். நான்காவது போல்ட் உள்ளே போனதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“இன்னா நைனா, செவுத்துல சாஞ்சி குந்திகினு கஞ்சி குடிச்சிகினு கீறேன், முதுவாண்ட இரும்பு வந்து குத்துது. உன் வூட்ல இன்னா நடக்குது?”

நான் மன்னிப்புக் கேட்பதற்கு ஓடினேன். நான்கு போல்ட்டுகளும் அவர்கள் வீட்டுச் சுவரில் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அறுத்துவிடுகிறேன் என்று வாயெடுத்தேன், அதற்குள் குப்பம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

“அறுக்கறதாவது. மழையில வலை மாட்ட எடமில்லாம நான் பேஜாரு பட்டுகினு கீறேன். நாலு கொக்கி தானா வந்து நிக்குது. இருந்துட்டுப் போவட்டும் நைனா.”

இப்படியாக அக்கம்பக்கத்து உறவும் பலப்பட்டது. ஆனால் மச்சான், தங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். ஞாயிறும் திங்களும் பலகை கொஞ்சம் முன்னால் தலைகுனிந்தபடிதான் இருந்தது. இருபது இசைத்தட்டு வைத்ததும் போல்ட்டுகள் ஓட்டைக்குள் ஆடத் தொடங்கின, தட்டுகள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி நடந்து வந்தன. நான் குறுக்கே ஒரு கயிறு கட்டினேன். ஆலிஸ் அந்தக் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். கட்டுமரங்கள் எல்லாம் கரையில். அன்று சாயங்காலம் நான் வேலைவிட்டு வந்து பார்த்தால் பலகை தானாக நிமிர்ந்து நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. மாதா செய்த புதுமை என்று ஆலிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு போல்ட்டிலும் பொன்னுரங்கத்தின் பெரிய வலை நனைந்து கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிரேனுக்கு முன்னால் சரக்கு, பின்னால் எதிர்ப்பாரம். இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கம் வலை, நடுவில் சுவர். என்னை அறியாமலே வீட்டுக்குள் ஒரு கிரேன் கட்டியிருக்கிறேன். இதைப் பெரம்பூரில் எவனாவது செய்யட்டும் பார்க்கலாம்.

ஆலிஸுக்கு விளக்கிச் சொன்னேன். “வலை அவங்களுது ஆச்சே” என்றாள். “சுவர் ரெண்டு பேருக்கும்தானே” என்றேன். “சரிங்க. அப்பாவோடது மட்டும் ஒரு மாசம் பெட்டியிலயே இருக்கட்டும்” என்றாள். நான் விடவில்லை. மாமாவின் தட்டு கீழே கிடந்தால் தாங்கள் என்ன நினைப்பீர்கள்? நட்டநடுவில், மரியாதையான இடத்தில், அதன் பழுப்பு உறையோடு வைக்கச் சொன்னேன். அவளே வைத்தாள். நூற்றுநாற்பதும் ஏறி இன்றோடு ஆறு நாள், ஒரு மயிரிழை அசையவில்லை. சரக்கு ரயில் போகும்போது வீட்டுப் பாத்திரமெல்லாம் குலுங்குகிறது, பலகை குலுங்குவதில்லை. ஆகையால் பெரம்பூர்ப் பேச்சை இத்துடன் விட்டுவிட்டு, தட்டுகள் இங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் ஆலிஸ் மனம் ஆறும்.

இன்னொரு நல்ல செய்தி. இன்று மத்தியானம் கிரேன் மேலிருந்து பார்க்கும்போது கூண்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாவம் பொன்னுரங்கம், ஒரு வாரமாக வருமானமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேலை விட்டதும் நேரே அவர் வீட்டுக்கு ஓடி நான்தான் முதலில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்ல வார்த்த சொன்ன நைனா, உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும். காலைல கடல்ல எறங்கிடறேன்” என்றார். நமக்கு உதவியவருக்கு நம்மால் முடிந்த உதவி.

தேவமாதாவின் வேண்டுதலால் தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் சகல நன்மையும் உண்டாவதாக. பண்டிகைக்கு அவசியம் வரவும். அலமாரியைக் கண்டு தாங்கள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க ஆவலாக இருக்கும்,

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
க. கஸ்பார்.

பி.கு. செவ்வாய்க்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சிறு விஷயம் நடந்துவிட்டது. இன்று காலை நான் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வலது மூலை மெதுவாகத் தலைகுனிந்தது. அந்தப் பக்கம் முதல் கொக்கியிலிருந்து வலையை எடுக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. “பொன்னுரங்கம்” என்று கத்தினேன். “தோ, கெளம்பிட்டேன் நைனா” என்று சந்தோஷமாகப் பதில் வந்தது. மற்ற மூன்று கொக்கியையும் அவர் சுறுசுறுப்பாகக் காலி செய்தார். நான் முப்பது தட்டுகள் வரை மார்பில் தாங்கினேன். ஐம்பத்துமூன்று உடைந்தன. நடுவில் இருந்த பழுப்பு உறை என் காலடியில் வந்து விழுந்தது. அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆலிஸ் வந்து உறையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே வட்டமாக வெட்டிய பழைய காலண்டர் அட்டை.

முதல் நாளிலிருந்தே அது அட்டைதானாம். பதினாறு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள் என்னை நம்பவில்லை. அதற்காக அவளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. சாயங்காலம் என்னைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு மாமாவின் தட்டை எங்கிருந்தோ எடுத்து வந்து, என்னை உள்ளே கூப்பிட்டுப் போட்டாள். இருமல் அதன் இடத்தில் அப்படியே இருந்தது. பிறகு மறுபடியும் என்னைத் தெருவுக்கு அனுப்பினாள்.

மச்சான், மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளவும். மிச்சமிருப்பதைப் பெரம்பூருக்கே எடுத்துப் போங்கள், நானே தூக்கிவந்து கண்ணாடி அலமாரியில் அடுக்கித் தருகிறேன். அந்த ஒன்றை மட்டும் ஆலிஸிடம் விட்டுவிடுங்கள். அதற்கு எந்த ஆபத்தும் வராது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.