பிஷோயின் நடுவில் ஒரு பெட்டி

ஒரு திருமணத்துக்கு மணமகன், மணமகள், பாதிரியார் ஆகிய மூவரும் இருந்தால் போதும் என்று கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். இப்போது மணமக்கள் பெயர்களை, எகிப்தியக் கிறிஸ்தவர்களான எங்கள் முன்னோரின் கோப்திக் எழுத்தில் அச்சிட்ட பத்திரமும் வேண்டும். எங்களில் யாருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அதனாலேயே மதிப்பு அதிகம். கைப்பேசி உறை முதல் பிறந்தநாள் கேக் வரை அதுதான்.

என் பக்கத்து வீட்டுப் பிஷோய்க்கு ஞாயிறு கல்யாணம். திங்கள் பெருநோன்பு தொடங்குகிறது. அப்புறம் ஈஸ்டர் முடியும்வரை யாருக்கும் கல்யாணம் கிடையாது. மணப்பெண் யூஸ்தினாவோ, "பத்திரம் இல்லாம கோயில் வாசல்ல கால் வைக்க மாட்டேன். என் தங்கச்சிக்கே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பிஷோயும் அவன் வருங்கால மாமனாரும், துணைக்கு நானும், பத்திரம் அச்சிட்டுத் தரும் கோப்திக் எழுத்துத் தூய்மைக் கழகத்துக்குப் போனோம். செயலாளர் லபீப், பிஷோயின் பெயரைக் கணினியில் தட்டினார். திரையில் 'பி' வந்தது, பிறகு ஒரு காலிப் பெட்டி, பிறகு 'ஓய்'. நடுவில் வரவேண்டிய 'ஷ' என்ற எழுத்துக்கு ஷாய் என்று பெயர்.

"ஷாய் எங்க சார்?" என்றான் பிஷோய்.

லபீப் உள்பக்கம் திரும்பி, "நாலு ஷாய்!" என்று குரல் கொடுத்தார். எங்கள் ஊரில் தேநீருக்கும் அதே பெயர்.

"எழுத்தைக் கேட்டேன் சார்."

"அதுவா? தடுத்து வெச்சிருக்கோம். அது கிரேக்க எழுத்து."

"கிரேக்கத்துல அந்தச் சத்தமே கிடையாதே!"

"இல்லாட்டி என்ன? குடியிருக்கிறது அங்கதானே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கணினியில் எழுத்துக்கு எழுத்து ஓர் எண் உண்டு. எண் கொடுத்த பெரியவர்கள் எங்கள் எழுத்துகளை முதலில் கிரேக்கர் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் வைத்தார்கள். பிற்பாடு எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. கிரேக்கத்திலிருந்து வந்த எழுத்துகளெல்லாம் அதில் குடியேறின. எகிப்திலேயே பிறந்த ஷாய் முதலான ஏழு மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன.

"அப்ப வந்தவன் உள்ளூர்க்காரன், பொறந்தவன் வெளிநாட்டுக்காரனா?" என்றான் பிஷோய்.

"பொறப்பெல்லாம் நாங்க பாக்குறதில்ல தம்பி. எண்ணைத்தான் பாப்போம். வெளிநாட்டு எழுத்து உள்ள வரணும்னா வீஸா வேணும்."

மாமனார் எழுந்து நின்றார். "நான்தான் வீஸா."

லபீப் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். மாமனாரின் பெயர் உண்மையிலேயே வீஸாதான். "சரி, வீஸா இருக்கு," என்று லபீப் ஒப்புக்கொண்டார். "தங்குறதுக்கு அனுமதி? அது ஏதென்ஸ்லேருந்து வரணும். ஈஸ்டருக்கு அப்புறம் பாக்கலாம்."

பிஷோய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கல்யாணத்துக்காக அடுப்பு, கட்டில், அலமாரி என்று வருஷக்கணக்கில் வாங்கிச் சேர்த்தவன்.

"நாளைக்குக் கல்யாணம் நடக்கணும் பாஷா. ஏதாவது வழி பண்ணுங்க" என்று, பிரபுக்களுக்கான பட்டத்தை லபீப்புக்குச் சூட்டிக் கெஞ்சினான்.

"பெட்டியோட தர்றேன். தற்காலிகம்னு முத்திரை குத்திடறேன்."

வாங்கிக்கொண்டு ஓடிவந்தோம்.

மறுநாள் பத்திரம் தங்கச் சட்டத்தில் நின்றது. பாதிரியார் அதைத் தொட்டு முத்தமிட்டார். உறவினர்கள் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். யூஸ்தினா கண்கலங்கி, "நடுவுல அந்தச் சதுர எழுத்து எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றாள். பிஷோய் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஈஸ்டர் முடிந்ததும் கழகத்தில் ஒரே கூட்டம். பிழையில்லாத பத்திரம் பெற்ற மணப்பெண் ஒருத்தி அதை லபீப்பின் மேசையில் வீசியெறிந்தாள். "அவளுக்கு மட்டும் சதுரம், எனக்கு இல்லையா? என் வீட்டுக்காரரு என்ன மட்டமா?"

கழகம் அவசரமாகக் கூடியது. மக்களின் பேராதரவைக் கருத்தில்கொண்டு, பெட்டியைக் கோப்திக் மொழியின் புதிய எழுத்தாக ஏகமனதாக ஏற்றது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதை எப்படி உச்சரிப்பது என்று யாரும் கேட்கவில்லை. மற்ற எழுத்துகளைப் பற்றியும் நாங்கள் கேட்டதில்லையே.