ஆமேலே அங்கிளும் பத்துக் கோட்டும்

பெங்களூரில் தொழில் திட்டத்தைக் கேட்டுக் கருத்துச் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் காக்ஸ் டவுன் ஆமேலே அங்கிளிடம் தன் திட்டத்தைச் சொல்லி முடித்தவர் என்று ஒருவரைக்கூட இந்த ஊர் பார்த்ததில்லை. முடிக்க அவர் விட்டால்தானே.

கன்னடத்தில் 'ஆமேலே' என்றால் 'அப்புறம்'. இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது.

அங்கிள் பேக்கரிக்கு மேலே மாடியில் தனியாகக் குடியிருந்தார். ஒரு கையில் காரா பன், இன்னொரு கையில் டீ, நாக்கில் அந்த ஒரே சொல். ஒரு நாள் ஹெல்மெட் போடாததற்கு டிராஃபிக் போலீஸ்காரர் பிடித்துத் திட்டினார். இவர் இடையிடையே "ஆமேலே?" என்று கேட்டுக்கொண்டே நிற்க, அந்த மனிதர் தன் மாமியார் கதை முழுவதையும் கொட்டிவிட்டு, அபராதம் போட மறந்தே போனார். சர்ச்சில் ஓர் அடக்கப் பூசையில் சாமியார், "இவரது மண்ணுலக ஓட்டம் முடிந்தது" என்று நிறுத்தினார். பின் பெஞ்சிலிருந்து தெளிவாகக் கேட்டது, "ஆமேலே?" சாமியார் பாவம், மோட்சத்தைப் பற்றி இன்னொரு பிரசங்கமே வைக்க வேண்டியதாயிற்று.

நாய்களை வாக்கிங் கூட்டிப்போக ஆப் கண்டுபிடித்த ஒருவர், நாலே நாலு ஆமேலேயில் பழைய ஆபீஸுக்கே திரும்பிப் போனார். அதிலிருந்து, ஃபண்டிங் கேட்கப் போகிறவர்கள் முதலில் அங்கிளிடம் சொல்லிப் பார்ப்பது எங்கள் தெருவில் ஒரு சடங்காகிவிட்டது.

நான் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். எனக்கு வந்த கன்னடம் வேண்டாம் என்கிற 'பேடா', போதும் என்கிற 'சாக்கு' இரண்டோடு சரி. மேல் மாடியில் இருப்பதால்தான் அங்கிளுக்கு அந்தப் பெயர் என்று நானாக முடிவு செய்துகொண்டிருந்தேன். அந்த அறிவோடு வேலையையும் விட்டிருந்தேன். சர்ச் கல்யாணத்தில் ஒரே ஒரு காலைப்பொழுது போட்டுவிட்டு ஆயுசுக்கும் பீரோவில் தொங்கவிடுகிற கோட்டை எதற்குத் தைக்க வேண்டும்? மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு சூட்டு வாடகைக்கு விடுவது என் திட்டம். அது ஓடத் தொடங்கும்வரை என்று, என் மனைவி ஸ்டெல்லாவின் டீச்சர் சம்பளத்தில் வீடு ஓடியது.

"ஒரு தடவ ட்ரை பண்ணுங்க. ஆகலன்னா மூஞ்சத் தூக்கி வச்சுக்காம வேலைக்குப் போயிடணும். ஃபண்டிங் கேக்கப் போறதுக்கு முன்னாடி ஆமேலே அங்கிள்கிட்ட சொல்லிப் பாருங்க" என்றாள்.

பேக்கரி வாசலில் போய் நின்றேன்.

"அங்கிள், மொதல்ல காக்ஸ் டவுன்ல பத்துக் கோட்டு வச்சு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்."

"ஆமேலே?"

என் காதில் விழுந்தது: 'ஆ, மேலே.' பத்து போதாது, ஏற்று என்கிறார். என்ன பரந்த மனசு.

"அப்ப அம்பதா வச்சுக்கிடுவோம்."

"ஆமேலே?"

"பிரேசர் டவுன்லயும் ஒரு கடை போட்ருவோம்."

"ஆமேலே?"

"சந்தாபுரா... ஓசூர்... சென்னை."

அங்கிள் பன்னைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கண் விரியப் பார்த்தார். "ஆமேலே?"

எனக்கு வேர்த்துவிட்டது. "சிங்கப்பூர், அங்கிள்."

அன்றைக்கே திட்டத்தைத் திருத்தினேன். கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் முதலீடு போடுகிற மூன்று பேர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒரு கோட்டுகூட வாங்காதவன் சிங்கப்பூர் கிளை வரை பேசி முடித்தேன். நடுவில் இருந்த அம்மா, "இவ்வளவு பெருசா போகச் சொல்லி யார் சொன்னாங்க?" என்றார்.

"எங்க ஏரியாவுல ஒரு பெரியவர் மேடம். ஒவ்வொண்ணுக்கும் 'ஆ, மேலே'ன்னு ஏத்திவிட்டார்" என்றேன் பெருமையாக.

ஓரத்தில் இருந்த மைசூர்க்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அது மூக்கு வழியாக வந்தது. "சார், ஆமேலே அந்த்ரே அப்புறம்னு அர்த்தம். அவர் சும்மா கதை கேட்டிருக்கார் சார்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "பத்துக் கோட்டை ஓட்டிக் காட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். மேசை மேல் கிடந்த என் சிங்கப்பூரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில், "யோசிச்சுச் சொல்றோம்னாங்க" என்றேன். ஸ்டெல்லா தலையாட்டினாள். அதன் பிறகு பேக்கரிப் பக்கமே போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஆள் காணோமே என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அங்கிளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னாப்பா, மீட்டிங் போனியே. ஆமேலே?"

"சிரிச்சாங்க அங்கிள்."

"ஆமேலே?"

"வெளிய வந்துட்டேன். பஸ்ல ஏற மனசில்ல. நடந்தே வந்தேன்."

"ஆமேலே?"

அந்தப் போலீஸ்காரர் நிலைமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் வாயை மூட முடியாது. "ஸ்டெல்லாகிட்ட யோசிச்சுச் சொல்றோம்னாங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கிளே அடுத்த ஆமேலேயை விழுங்கிவிட்டார்.

உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "ஆமேலே?"

"பத்துக் கோட்டு" என்றேன். "காக்ஸ் டவுன் மட்டும். அது ஓடலன்னா வேலைக்குப் போயிருதேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அங்கிளிடம் கேட்டேவிட்டேன். "பிசினெஸ் தெரிஞ்சுதான கேட்டீங்க?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்? சும்னே, சும்மாதான் கேட்டேன். நீ சிங்கப்பூர் வரைக்கும் போனதுல எனக்கே ஏரோபிளேன்ல ஏறின மாரி இருந்துச்சு."

இப்போது பத்துக் கோட்டும் காக்ஸ் டவுனுக்குள்ளேயே நல்லபடியாகச் சுற்றி வருகின்றன. சிங்கப்பூர் என்று யாராவது சொன்னால் நான் இன்னும் குனிந்துகொள்கிறேன். அங்கிள் முட்டிவலியால் மாடி ஏற முடியாமல் சந்தாபுராவில் தங்கை வீட்டோடு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வேன்.

"கோட்டெல்லாம் திரும்பி வந்துட்டு அங்கிள். சலவைக்குப் போட்டாச்சு."

"ஆமேலே?"

அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவர் கேட்கிறாரே என்று, மெல்ல சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுகிறேன்.