மூச்சுக்காரரின் பேட்டரி லாரி

ஒரு லாரியைத் தன் நெஞ்சுக்கூட்டால் ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தூத்துக்குடியில் அவரை மூச்சுக்காரர் என்பார்கள்.

முன்னே முத்துக் குளித்தவர். யுத்தத்தில் பெட்ரோல் அருகிப்போனபோது, நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனி எங்கிருந்தோ ஒரு பேட்டரி லாரியை வாங்கிவந்தது. ஓட்ட ஒருவரும் துணியவில்லை. இவர் வந்தார். ஈயத்தகடும் அமிலமும் அடைத்த பெட்டியில் காதை வைத்தார். சார்ஜ் ஏறுகையில் உள்ளே குமிழி வெடிக்கும் சத்தம்.

“இதுவும் நம்மள மாதிரி முங்குத பயதான்” என்று வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அன்றோடு எங்கள் ஆபீசில் மைல் என்ற சொல் செத்தது. சரக்குக் கிட்டங்கியிலிருந்து ஜெட்டிக்குப் போய்வர ஒரு மூச்சு. ஒரு சார்ஜுக்கு நாலு மூச்சு. ஹாரன் அடித்தால் மூச்சு செலவாகும். பக்கத்தில் உட்காரும் நான் பாரம் குறைக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். ஒருமுறை தும்மிவிட்டேன், இரண்டு நாள் அவர் முகம் கொடுக்கவில்லை.

கொழும்புக்கு வெங்காயம் போன அன்று ஐந்தாவது மூச்சு தேவைப்பட்டது. தோணி சாயங்காலக் காற்றுக்குக் கிளம்பும். மூட்டை சேராவிட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்று மானேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். ஜெட்டிக்கு இரண்டு பர்லாங் இருக்கையில் லாரி நின்றது. தூரத்தில் தோணியில் பாய் ஏறத் தொடங்கியது.

மூச்சுக்காரர் இறங்கிச் சக்கரத்து நிழலில் உட்கார்ந்து, ஆத்தூர் வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார்.

தள்ளிப் பார்க்கலாமே அண்ணாச்சி என்றேன்.

“முங்கி ஏறினவன உடனே முங்கச் சொல்லுவியளா? இருங்க தம்பி. மூச்சு எடுக்கட்டும்.”

அடுத்த நரம்பு. பாதிப் பாய். இன்னொரு நரம்பு. முழுப் பாய்.

ஓய்ந்த பேட்டரி சும்மா கிடந்தால் கொஞ்சம் தெம்பு திரும்பும் என்று பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அவர் அதைக் கடலுக்கடியில் படித்திருந்தார்.

எழுந்தார். காதை வைத்துக் கேட்டார். என்னை ஏறச் சொல்லி, கன்னம் உப்ப மூச்சை இழுத்துப் பூட்டினார். லாரி எறும்பாக ஊர்ந்தது. அவர் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. முன்சக்கரம் ஜெட்டிப் பலகையில் ஏறியதும் வண்டி நின்றது. தோணிக்காரர்கள் அவிழ்த்த கயிற்றைத் திட்டிக்கொண்டே மறுபடி கட்டினார்கள். அவர் நீளமாக மூச்சை விட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

“வந்தாச்சு தம்பி. நீங்களும் விடலாம்.”

நானும் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எங்காவது ஒரு வண்டி வழியில் திணறினால் இன்றைக்கும் பிடித்துக்கொள்கிறேன். விடச் சொல்லத்தான் ஆளில்லை.