உலகம் மஞ்சளாகிக்கொண்டு வருவது பற்றி மாப்பிள்ளைக்கு

நல்லூர்,
செவ்வாய்க்கிழமை காலை

அமராவதி நகர் மாப்பிள்ளை இளங்கோ அவர்களுக்கு, உங்கள் அக்கா மயிலாளைக் கட்டிய கன்னையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அணையில் தண்ணீர் எவ்வளவு, தங்கச்சிக்கு முதுகுவலி தேவலையா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும்தான். எனக்கு இப்போது பொறுமை இல்லை.

முதலிபாளையம் பனியன் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக நான் நிறம் பார்க்கிறவன். கம்பெனிச் சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி, நான் ஓகே சொன்னால்தான் தைக்கப் போகும். போன மாதம் வெள்ளைத் துணி மஞ்சளடித்து வந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் மஞ்சள். நாலாம் தடவையும் மஞ்சள். வெளுக்கிற இசக்கிமுத்துவைக் கேட்டால், "நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்கிறான். வந்த கோபத்தில் முதலாளியிடம் போய், ஒன்று அவன் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும் என்றுவிட்டேன். அவனை நிறுத்திவிட்டார்கள். ரெண்டு பிள்ளைக்காரன், பாவம்தான். அதுக்காக மஞ்சளை வெள்ளைன்னு சொல்ல முடியுங்களா?

புது ஆள் வெளுத்தான். அதுவும் மஞ்சள்! இசக்கிமுத்து போகும்போது இவனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. லைட்டை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள், அப்படியேதான் இருந்தது, லைட் கடைக்காரனும் கூட்டு. ஊட்டுக்கு வந்தால் வேட்டி மஞ்சள், சோப்பை மாற்றினேன், பால் மஞ்சள், பால்காரரோடு சண்டை, இட்லியும் மஞ்சளா இருக்குதேன்னு உங்க அக்காளைக் கேட்டால், "ஏனுங்க, ஊரே வெள்ளைங்குது, நீங்க ஒருத்தர் மட்டும் மஞ்சள்ங்கறீங்க. கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்கிறாள். அவளையும் வளைச்சுட்டாங்க மாப்பிள்ளை! இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்லணும்னா, பேசி வச்சுக்கிட்டுத்தானே சொல்ல முடியும்?

இப்போது முதலாளி, "டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி ஊட்டுலயே இருந்துக்குங்க" என்கிறார். இருபத்தெட்டு வருஷக் கண்ணுங்க! இந்த வேலையை விட்டால் எனக்கு வேற என்ன தெரியும்? பயமா இருக்குதுங்க. அவர் உங்களோடு படித்தவர்தானே, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சீட்டை வாங்கி அவர் மேசை மேலேயே போடுகிறேன்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரிகிற
கன்னையன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் என் பெயரைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். பதினைந்து நாளாக இது சட்டைப்பையிலேயே கிடந்தது. முதலாளியிடம் கட்டாயம் பேசுங்க, ஆனால் எனக்காக இல்லை, இசக்கிமுத்துவுக்காக. ரெண்டு கண்ணிலும் புரையாம். இடது கண்ணில் எடுத்துவிட்டார்கள். கட்டைப் பிரித்ததும் எல்லாம் நீலம் பூத்துத் தெரிந்தது. டாக்டர் மட்டமான லென்ஸை வைத்துவிட்டார் என்று ஒரு நாள் முழுக்கத் திட்டினேன். பிறகு, சாட்சிக்கென்று பீரோவில் பூட்டி வைத்திருந்த இசக்கிமுத்துவின் துணியை எடுத்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். வெள்ளைங்க மாப்பிள்ளை. சுத்த வெள்ளை. உட்கார்ந்து அழுதேன், ஆபரேஷன் பண்ணின கண்ணை வச்சுக்கிட்டு அழுவாங்களா என்று உங்க அக்கா சத்தம் போட்டாள். நேற்று இசக்கிமுத்து ஊட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் உள்ளே போய் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து நீட்டினான். "நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு, அன்னைக்கே போயி என் கண்ணைக் காட்டிட்டு வந்தேன் அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்காம்."