வடகம்மாய்பட்டியில் பதினாலு அடித் தண்ணீர்

உலகத்தில் விபத்தே நடக்காத படகோட்டப் பயிற்சி மையம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வடகம்மாய்பட்டி என்னும் கரிசல் கிராமத்தில் சென்ற கோடையில் இயங்கியது. அங்கே ஒருவரும் மூழ்கவில்லை. ஒரு படகும் கவிழவில்லை. ஒருவருக்குக்கூடக் குமட்டல் வந்ததில்லை. கடலோடி நாடுகளெல்லாம் நூற்றாண்டுகளாக முயன்றும் எட்டாத இந்தப் 'பூஜ்ய விபத்து' நிலையை வடகம்மாய்பட்டி முதல் நாளே எட்டிப்பிடித்ததற்குக் காரணம் எளிமையானது. அங்கே தண்ணீர் இல்லை.

இந்தச் சாதனையின் நாயகர் அப்துல் ரவூப். வயது ஐம்பத்தொன்பது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகும் மரத்தோணிகளில் முப்பத்தொரு வருஷம் ஓடியவர். அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். அத்தனை வருஷத்தில் ஒரு தோணியை இழந்ததில்லை, ஓர் ஆளை இழந்ததில்லை. துறைமுகத்தில் எல்லோரும் அவரைத் 'தண்டல்' என்றுதான் கூப்பிட்டார்கள். 'உள்நாட்டுப் படகோட்டத் திறன் மேம்பாட்டு முகமை' அனுப்பிய நியமன ஆணையோ 'கேப்டன்' என்று அழைத்தது. கூடவே தோளில் நாலு தங்கக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றும் வந்தது.

ரவூப் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் அரை மணி நேரம் நின்றார். மனைவி நூருன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பேண்டு செட்டுல சேந்துட்டியளா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் முகமையின் மண்டல ஒருங்கிணைப்பாளர் மணிகண்டபிரபு காரோடு காத்திருந்தார். நீச்சல் தெரியாதவர், ஆனால் நீச்சலைப் பற்றி மூன்று கையேடுகள் எழுதியவர். இருவரும் வடகம்மாய்பட்டியில் இறங்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேல மரம். நடுவே கொஞ்சம் வெட்டிச் சுத்தம் செய்து, நாலு கட்டைகளின் மேல் பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்றை ஏற்றி வைத்திருந்தார்கள். ரவூப்பின் புது ஷூ கரிசல் வெடிப்புக்குள் கணுக்கால் வரை போய் மாட்டிக்கொண்டது.

"சார், தண்ணி எங்கன இருக்கு?" என்றார் காலை உருவியபடி.

"நீங்க நிக்கிறதே தண்ணியிலதான் கேப்டன் சார். பதிவேட்டுல இந்தக் கம்மாய் அறுபத்திரெண்டு எக்டேர் நீர்நிலை."

"கருவேல மரமால்லா நிக்கி."

"அத 'நீர்வாழ் தாவரம்'னு போட்டிருக்கோம்."

"தண்ணி இல்லாம எப்படி சார் படகு ஓட்டச் சொல்லிக் குடுக்கது?"

மணிகண்டபிரபு பொறுமையானவர். பாடத்திட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். "இதுல எங்கயாச்சும் தண்ணின்னு ஒரு வார்த்தை இருக்கா பாருங்க. சிலபஸ்ல இல்லாதத நாம நடத்த முடியாது."

அப்படியாக, மற்ற படகுகள் பயணத்தின் முடிவில் தரைதட்டும் என்றால், வடகம்மாய்பட்டிப் படகு தரைதட்டிய நிலையிலேயே தன் பயணத்தைத் தொடங்கியது.

மாணவிகள் முப்பது பேர். எல்லோரும் தீப்பெட்டி ஆபீசில் காலை வேலை முடித்துவிட்டு மூன்று மணிக்கு வருகிறவர்கள். சான்றிதழ் வாங்கினால் தூத்துக்குடியில் சுற்றுலாப் படகில் வேலை நிச்சயம் என்று முகமை சொல்லியிருந்தது. குழுத் தலைவி பொன்மணிக்கு நாற்பது வயது. அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. "கடலக் கண்டாப் போதும், வேலையப் பொறவு பாப்பம்" என்று மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ரவூப்புக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. கட்டைமேல் நின்ற படகில் எட்டெட்டுப் பேராக ஏற்றி, ஒரே பக்கம் சாயக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும் என்று தொண்டை வறளக் கற்றுக்கொடுத்தார். மிதவைச் சட்டையின் வாரை ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்தார். கயிறு எறியும் பாடத்தில் ஆறுமுகத்தாய் எறிந்த கயிறு இருபத்தைந்து அடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் கழுத்தில் சரியாக விழுந்தது. மையத்தின் முதல் 'மீட்பு' என்று அது பதிவானது. ஆடு மட்டும் ஒத்துழைக்கவில்லை.

சாயங்காலம் மணிகண்டபிரபு பயணப் பதிவேட்டை நீட்டுவார். எல்லாம் முன்பே அச்சாகியிருக்கும். ஓடிய தூரம் நாலு கடல் மைல். அலை மிதமானது. நீர்மட்டம் பதினாலு அடி.

"இதுல நான் என்னத்தக் கையெழுத்துப் போட?" என்று முதல் நாள் ரவூப் தயங்கினார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. கேப்டன் கையெழுத்து இல்லாமப் படகு கரை சேர்ந்ததா ஆகாது சார்."

கேப்டன் என்ற சொல் பேனாவைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தது. ரவூப் போட்டார். மறுநாளும் போட்டார். பத்தாம் நாள் வாசிக்காமலே போட்டார்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் வகுப்புக்கு யாருமே வரவில்லை. நாலேகாலுக்குத்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். சேலையெல்லாம் இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது.

"மூணு மணி வகுப்புக்கு இப்பம் வருதீங்க. கடல் யாருக்காவது காத்துக்கிட்டு இருக்குமா?" என்று அதட்டினார் ரவூப்.

"தண்ணிக்குப் போயிட்டு வாரோம் அண்ணாச்சி" என்றாள் பொன்மணி. "தெக்க ஒரு தோட்டத்துல மோட்டார் போடுதாங்க. ரெண்டு மைலு. அதுவும் உப்புத்தண்ணி."

"செவ்வாயும் வெள்ளியும் லாரி வருமே."

"நின்னு போச்சு. பதினோரு நாளாச்சு. யூனியன் ஆபீசுல போய்க் கேட்டோம். படகு ஓடுத ஊருக்கு எதுக்கு லாரின்னு கேக்காங்க."

"எந்தப் படகு?"

பொன்மணி கட்டைமேல் நின்ற படகைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "பதினாலு அடித் தண்ணி கெடக்குன்னு நீங்க தினமும் எழுதிக் குடுக்கீங்களாமே" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

ரவூப் அன்று வகுப்பு எடுக்கவில்லை. அடுத்த பேருந்தைப் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய் மணிகண்டபிரபு முன் நின்றார்.

"அந்தப் பதினாலு அடிய அடிச்சிருங்க சார். ஊரு குடிக்கத் தண்ணியில்லாமக் கெடக்கு."

"எனக்கும் வருத்தம்தான் கேப்டன் சார். ஆனா ரெக்கார்டுல ஏறின தண்ணிய இறக்குறது சாதாரண விஷயமில்ல. ஆவியாகுற கணக்குல மாசம் ஒரு அங்குலம் குறைக்க மட்டும்தான் எனக்கு அதிகாரம்." கால்குலேட்டரைத் தட்டினார். "கவலப்படாதீங்க. பதினாலு வருஷத்துல முழுசா வத்திரும்."

"அதுவரைக்கும் அவங்க என்ன குடிப்பாங்க?"

"அது வேற துறை சார்."

மறுநாளிலிருந்து ரவூப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. மணிகண்டபிரபு அவருக்காகத் தாமே போட்டு, மாதத்தின் 'சிறந்த ஒழுங்குமுறை' விருதையும் அவருக்கே பரிந்துரைத்தார். நடுக்கடலில் எஞ்சின் நின்று நாலு நாள் மிதந்தபோதுகூட நன்றாகத் தூங்கிய மனிதர், கோவில்பட்டி லாட்ஜில் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். தோணியில் குடிதண்ணீர்ப் பீப்பாயின் சாவி தண்டலின் இடுப்பில்தான் இருக்கும். எவனுக்கு எத்தனை மூடி என்று அளந்து ஊற்றுவதும் அவர்தான். முப்பது பெண்களின் பீப்பாயைத் தன் கையாலேயே பூட்டிவிட்டோமே என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மே மாதக் கடைசியில் சான்றிதழ் விழா வந்தது. சென்னையிலிருந்து முகமையின் தலைவரே வருகிறார். அவர் படகில் மிதப்பது போல ஒரு புகைப்படம் ஆண்டறிக்கையின் அட்டைக்குத் தேவைப்பட்டது. எனவே பொக்லைன் வந்தது. இருபத்துநாலு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு 'சமுத்திரம்' தோண்டப்பட்டது. அதில் புத்தம்புதுத் தார்ப்பாய் விரித்தார்கள். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. முன்பு ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த அதே லாரி, அதே டிரைவர் சீனி.

"நல்ல தண்ணிதானா?" என்று ரவூப் மெதுவாகக் கேட்டார்.

"குடிக்கத் தண்ணிதான் அண்ணாச்சி. வேற தண்ணிக்கு லாரி குடுக்கமாட்டாங்க." சீனி குழாயைத் தார்ப்பாயில் போட்டுவிட்டு, வேலியோரம் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தலைவர் வந்து நாடா வெட்டிய பிறகுதான் படகை இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பத்து மணிக்கு வர வேண்டிய தலைவர் பத்தரைக்கும் வரவில்லை. போளி வாங்கக் கடம்பூர்ப் பக்கம் போயிருப்பதாகவும், சூடாக எடுத்துத் தரச் சொல்லிக் காத்திருப்பதாகவும் தொலைபேசியில் செய்தி வந்தது. மணிகண்டபிரபு பந்தலுக்குப் பின்னால் போய், தலைவரின் உதவியாளரோடு பேச ஆரம்பித்தார்.

ரவூப் தங்கக் கோட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். விசிலை எடுத்து மூன்று முறை ஊதினார்.

"பயிற்சியாளர்கள் எல்லாரும் வரிசைக்கு வாங்க. பக்கம் முப்பத்தொண்ணு. அவசர இறைப்புப் பயிற்சி. கையில கெடைச்ச பாத்திரத்தால துரிதமா வெளியேத்தணும். வீட்டுல பாத்திரம் இருந்தா எடுத்துக்கிட்டு வரலாம்."

பொன்மணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "ஏட்டி ஆறுமுகத்தாயி, தெருவுல போய்ச் சொல்லு" என்றாள்.

குடம் வந்தது, அண்டா வந்தது, டிரம் வந்தது. சோறு வடித்த குண்டான்கூட வந்தது. தார்ப்பாயிலிருந்து தெரு வரை முப்பது பெண்களும் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஒருத்தியும் முண்டவில்லை, ஒரே பக்கம் சாயவில்லை. சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. சீனி லாரியிலிருந்து குதித்து வரிசையில் முப்பத்தொன்றாவது ஆளாக நின்றான். முகமையின் வரலாற்றில் பாடத்திட்டப்படி நடந்த ஒரே செய்முறைப் பயிற்சி அதுதான்.

கால்வாசித் தண்ணீர் போன பிறகுதான் மணிகண்டபிரபு ஓடி வந்தார்.

"கேப்டன் சார், நிறுத்தச் சொல்லுங்க. தலைவர் வந்துக்கிட்டு இருக்காரு."

"பயிற்சி நடக்கையில கேப்டன் உத்தரவுல யாரும் குறுக்க வரக்கூடாது சார். பக்கம் முப்பத்திரெண்டு."

மணிகண்டபிரபு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. எழுதியவரே அவர்தான். பாடத்திட்டத்தை மீறத் தெரியாத அந்த நேர்மையாளர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பன்னிரண்டே காலுக்குத் தலைவர் வந்து இறங்கியபோது தார்ப்பாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"தண்ணீர் எங்கே?" என்று கேட்டார் தலைவர்.

பொன்மணிதான் சொன்னாள். "வீட்டுல இருக்குங்கய்யா. அய்யாவுக்கு ஒரு சொம்பு கொண்டாரட்டா?"

நாலாம் நாள் ரவூப்புக்கு மெமோ வந்தது. "வருகைக்கு முந்தைய நாள் வரை மேற்படி நீர்நிலையில் பதினாலு அடி நீர் இருந்ததற்குத் தங்கள் கையொப்பமே சான்று. வருகையன்று ஒரு துளியும் இல்லை. அறுபத்திரண்டு எக்டேர் நீரையும் தாங்கள் வெளியேற்றியதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்."

ரவூப் அதை நாலு தடவை படித்தார். நூருன்னிசாவுக்குப் போன் போட்டார்.

"அங்க தண்ணியே கெடையாதுன்னு எழுதிப் போடுங்க. உண்மைய எழுதக் கூசுதா ஒங்களுக்கு?" என்றாள் அவள்.

அதைத்தான் எழுத உட்கார்ந்தார். நாலு வரி எழுதியதும் ஒரு சந்தேகம் வந்தது. மணிகண்டபிரபுவிடம் போய்க் கேட்டார்.

"சார், ஒரு கம்மாய் திடீர்னு ஒரே நாள்ல வத்திப்போனா, லாரித் தண்ணிக்கு என்ன விதி?"

"அது 'திடீர் வறட்சி'. வாரம் ரெண்டு லாரி கட்டாயம் விடணும். ஆனா என்ன காரணத்தால வத்துச்சுன்னு ஃபைல்ல இருக்கணும்."

"தண்ணியே இருந்ததில்லன்னு நான் எழுதினா?"

"விசாரணைக் கமிட்டி போடுவாங்க. ஆறு வருஷம் ஆகலாம்."

ரவூப் லாட்ஜுக்குத் திரும்பினார். முப்பத்தொரு வருஷமாக எதையும் மூழ்கடிக்காத, எதையும் தொலைக்காத மனிதர் அவர். அந்தப் பெயரைத்தான் துறைமுகத்தில் சம்பாதித்து வைத்திருந்தார். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளில் எழுதினார்: "குற்றச்சாட்டை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மேற்படி நீர்நிலையை மேற்படி தேதியில் காலை பத்தரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே நானே வற்றச் செய்தேன். தற்போது அதில் நீர் இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

முகமை அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது. ஒரு மனிதன் ஒன்றரை மணி நேரத்தில் குடத்தால் ஒரு கண்மாயை இறைத்து முடித்தது எப்படி என்று எந்த மேசையிலும் யாரும் கேட்கவில்லை. ஒன்பது கையெழுத்துகள் விழுந்தன. ரவூப்பைப் பணிநீக்கம் செய்த ஆணை, அந்தக்கால அரசு நடையில், "இன்று முதல் எமது மையத்தில் நீர் இல்லை" என்று முடிந்தது. முகமை வெளியிட்டவற்றிலேயே உண்மையான வாக்கியம் அதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சீனியின் லாரி வடகம்மாய்பட்டித் தெருவுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது.

இப்படியொரு குற்றவாளி கிடைக்காத ஊர்களில் கண்மாய்களெல்லாம் இன்றைக்கும் நிரம்பித்தான் இருக்கின்றன.