எதையும் படிக்கும் மெஷின்

“நாலாவது விதி, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டாலும் வரணுமாம்,” என்றாள் உலகம்மாள்.

கையெழுத்துப் போட வந்த முப்பது பேரும் பேனாவை மூடினார்கள்.

பரசுராமனுக்கு வியர்த்தது. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் அவர். பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டர் உலகம்மாளுக்குக் கம்பெனி ஒரு படிக்கும் மெஷின் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது. மலிவு விலை மெஷின்; காகிதத்தை அடியில் வைத்தால் அதிலுள்ள ஆங்கிலத்தைக் காதில் வாசிக்கும். எம்.டி. ரிப்பன் வெட்டினார், போட்டோ எடுத்தார்கள், கலைந்தார்கள். இப்போது ஆங்கிலம் புரியாத தொழிலாளிகள் தங்கள் வேலை நியமன ஆர்டரை நீட்ட, அவள் ஹெட்போனோடு உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் புது உற்பத்தி லைன் ஓடாது. எம்.டி. அவரை ஓட்டிவிடுவார்.

முதலில் எழுத்தைக் கடுகளவாக்கி அச்சடித்தார். உலகம்மாள் காகிதத்தை மெஷினுக்கு அடியில் வைத்தாள்.

“ஏழாவது விதி, காரணம் சொல்லாமலே நிப்பாட்டலாமாம்.”

அடுத்த ஷிப்டும் சேர்ந்து கூட்டம் அறுபதானது.

பிறகு ஆர்டரை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தார். எம்.டி.யாலேயே படிக்க முடியவில்லை. உலகம்மாள் கடகடவென்று சொன்னாள்.

“கையால எழுதினா இது படிக்காதாம்யா, மெஷினோட வந்த புக்குலயே போட்டுகீது!” என்று துள்ளினார் பரசுராமன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து முப்பது ஆர்டரையும் கையாலேயே எழுதினார். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

திங்கள் காலை ஃபிட்டர் கொம்பையா முதல் காகிதத்தை நீட்டினான். “மெதுவா படிங்கக்கா.”

“ஒம்பதாவது விதி, மூணு வருசத்துக்கு வேற கம்பெனிக்குப் போகக் கூடாதாம்.”

பரசுராமன் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். எட்டுக்கு அடுத்துப் பத்து. தூக்கக் கலக்கத்தில் ஒன்பதாவது விதியை எழுதவே மறந்திருந்தார்.

எழுதாததையும் படிக்கிறது! இதன் முன்னால் நின்று எதையும் நினைப்பதுகூட ஆபத்து என்று வெளியே ஓடிப்போய், மெஷின் விற்றவர்களுக்குப் போன் போட்டார்.

மதியம் அங்கிருந்து சர்வீஸ் செய்யப் பிரவீனா வந்தாள்.

“இதோட பவரைக் கொஞ்சம் கொறைச்சுடும்மா. மனசுல கீறதெல்லாம் படிக்குது.”

பிரவீனா குனிந்து பார்த்தாள். “இன்னா சார் இது, லென்ஸ் மேல ஒட்டின ஸ்டிக்கரையே யாரும் பிரிக்கல! இத்த ஆன் பண்றதுக்குக்கூட இவங்களுக்குச் சொல்லித் தரலியா?”

பரசுராமன் உலகம்மாள் பக்கம் திரும்பினார். “அப்போ எப்படிம்மா படிச்சே?”

உலகம்மாள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“இந்த ரோட்டுல இது எனக்கு நாலாவது கம்பெனி சார். ஆர்டர்ல கம்பெனி பேரு மட்டுந்தானே மாறுது!”