மருந்து அடைத்த குடைமிளகாய்

திருத்தங்கல்,
செவ்வாய்க்கிழமை, ஜூன் 2006.

அன்புள்ள மைத்துனன் பிரபாகரனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் வெள்ளைத்துரை எழுதுவது. இங்கு நானும், உன் அக்கா வேலுத்தாயும், மகள் சினேகாவும் உடம்பில் சேதாரம் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கு டெக்ஸாஸில் நீயும், உன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கும் புகைப் பீப்பாயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் ஊர்ப் பெருமாள் அருள் செய்யட்டும்.

வழக்கமாக உன்னை மாப்பிள்ளை என்றுதான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று உன் அக்கா உத்தரவு போட்டிருக்கிறாள். அதனால் பெயரைச் சொல்லி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

சினேகாவுக்கு மல்லாங்கிணற்றிலிருந்து வரன் வந்ததைப் போனில் சொல்லியிருந்தேன் அல்லவா? பையன் முனியராஜ், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். தங்கமான பையன். சினேகா போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தராமல் தானே வைத்துக்கொண்டாள், அதிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடைஞ்சல் எல்லாம் பையனுடைய அப்பா கோட்டைச்சாமியால்தான். மானாவாரி விவசாயம் செய்கிறவர், மழை வருமோ வராதோ என்று பயந்து பயந்தே பழகிப்போன மனிதர். எங்கள் ஊர்ப் பக்கம் சில வீடுகளில் திருட்டுத்தனமாக மருந்தைக் கொண்டுவந்து வெடி செய்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். மருந்து என்றால் நீ அங்கே தலைவலிக்கு விழுங்குகிற மருந்து இல்லை, நம் கம்பெனியில் வெடிக்குள் அடைக்கிற மருந்து. அமெரிக்கா போன ஜோரில் அதையும் மறந்திருப்பாய்.

"பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் வீடுங்கிறீக. வீட்டுக்குள்ள ஒரு பொட்டு மருந்து கெடையாதுன்னு சத்தியம் பண்ணுவீகளா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். "மருந்தா? எங்க வீட்டுல தீப்பெட்டியே கெடையாதுங்க. கேஸுக்கு லைட்டர். சாமி வெளக்குக்குக் கூட அடுப்புலருந்துதான் திரி பத்தவைக்கோம்" என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக ஒத்துக்கொண்டார். சாப்பிட்டுக் கைகழுவியதும் தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு.

இந்த இடத்தில்தான் நீ உள்ளே நுழைந்தாய். பேசாமல் கறிக்குழம்பும் சுக்காவும் வைத்திருப்போம். "சுக்கா எல்லா வீட்லயும்தான போடுறாக? தாய்மாமன் அமெரிக்கால இருக்கான்னு எல நெறையத் தெரிய வேண்டாமா?" என்று போனில் உன் அக்காவுக்குத் தூபம் போட்டவன் நீ. தூபம் என்றால் நிஜமாகவே தூபம். அங்கே பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பீப்பாயில் புகை போட்டு, அதற்குள் குடைமிளகாயில் கொத்துக்கறியும் அரிசியும் அடைத்து வைத்து, நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார்களாம். எனக்குத் தெரிந்து நம் ஊரில் புகை போடுவது இரண்டுக்குத்தான். ஒன்று கொசு, இன்னொன்று வாழைத்தார். ஆனால் நான் சொல்லி உன் அக்கா எதைக் கேட்டாள்? பிரவுசிங் சென்டருக்குப் போய் நீ அனுப்பிய படத்தை அச்செடுத்து வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள்.

ஆண்டிச்சாமியின் வெல்டிங் பட்டறையில் ஒரு காலித் தகரப் பீப்பாயை வெட்டி, கதவு வைத்து, மேலே ஒரு குழாயும் வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டார் ஆண்டிச்சாமி. மிளகாய் வேகவைக்க என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொல்லக் கூடாதுன்னா விடுங்க போர்மேன், எனக்கென்ன" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ ஆப்பிள் மரத்துக் கட்டைதான் வாசம் என்று சொன்னாய். ஐயா, நாங்கள் ஆப்பிளையே ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் வாங்குகிறோம். வேலிக்கருவேலை நனைத்துப் போட்டோம்.

குடைமிளகாயைச் சிவகாசியில் இங்கிலீஷ் காய்கறிக் கடையில் பொறுக்கி எடுத்து வந்தேன். அடைக்கும் வேலை உன் அக்காவுக்கு. அவள் கம்பெனியில் புஸ்வாணம் அடைக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவள் என்பது உனக்கு மறந்தாலும் அவள் கைக்கு மறக்கவில்லை. புஸ்வாணக் கூட்டைப் போலவே மிளகாயைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். அரைவேக்காட்டு அரிசியையும் கறியையும் உள்ளே போட்டு, மரக்குச்சியால் இடித்து, இன்னும் போட்டு, இன்னும் இடித்து, விரல் நுழையாத அளவுக்கு இறுக்கிவிட்டாள். அதோடு விட்டாளா? வாய்ப்பக்கத்தை மைதாப் பசை தடவி ஒட்டி, நிழலில் வரிசையாகக் காயவைத்தாள். "எம்புட்டு இறுக்குறியோ அம்புட்டு உசரமாப் பூக்கும்" என்று பழக்கத்தில் வேறு சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வேலை அவ்வளவு சுத்தம், கம்பெனியில் என்றால் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். அரிசி வெந்தால் பெருக்கும், அதற்கு உள்ளே இடம் வேண்டும் என்பதை அந்தச் சமயத்தில் நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. ஊரைக் கூட்டிப் பாடம் நடத்திய நீயாவது ஒரு வார்த்தை சொன்னாயா?

என் பங்குக்கு நான் செய்ததையும் கேள். நெருப்பு என்று வந்துவிட்டால் என் புத்தி கம்பெனிப் புத்திதான். பீப்பாய்க்கு நாலு பக்கமும் சிவப்பு வாளியில் மணலும் தண்ணீரும் வைத்தேன். தரையில் ரப்பர் விரிப்புப் போட்டேன். வேலுத்தாயின் வளையலைக் கழற்றச் சொன்னேன். இருவரும் செருப்பில்லாமல் நின்றோம். அப்போதுதான் வீட்டில் தீப்பெட்டி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. லைட்டர் கேஸைத் தவிர எதையும் பற்றவைப்பதில்லை, அடுப்பிலிருந்து கொண்டுவந்த திரியும் கொல்லைக் காற்றில் அணைந்துபோனது. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கத்திடம் சுவருக்கு மேலாக ஒரு தீப்பெட்டி கேட்டேன். கொடுத்தவள் அப்படியே எட்டிப் பார்த்தாள். சிவப்பு வாளி, ரப்பர் விரிப்பு, வெறுங்கால் போர்மேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போயிருந்த உன் அக்கா அங்கிருந்து கத்துகிறாள்: "ஏங்க, மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு, இன்னொரு கூட்டுல அடைச்சிரவா? சம்பந்தி வாரதுக்குள்ள பத்தவச்சிருங்க!"

நீயே சொல், அந்தப் பொன்னுத்தங்கத்தை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? அவள் இடத்தில் நான் இருந்தாலும் தீயணைப்பு நிலையத்து நம்பரைத்தான் தேடி வைத்திருப்பேன்.

கோட்டைச்சாமி குடும்பம் வேனில் வந்து இறங்கியது. கோட்டைச்சாமி, அவர் சம்சாரம், முனியராஜ். கும்பிட்டு உள்ளே அழைத்தோம். சினேகா காபி கொண்டுவந்து கொடுத்தாள். "என்னமோ கருகுற வாசம் வருதே?" என்றார் கோட்டைச்சாமி, மூக்கை உறிஞ்சியபடி. "அமெரிக்கச் சமையலுங்க. எந்தம்பி சொல்லிக் கொடுத்தது" என்றாள் உன் அக்கா, முகம் எல்லாம் பெருமை. நேரம் ஆகியும் மிளகாய் வேகாததால், மெதுவாகத்தான் புகைய வேண்டும் என்ற உன் சொல்லை மீறி இன்னும் நாலு கட்டையைத் திணித்துவிட்டு வந்திருந்தாள்.

கோட்டைச்சாமி காபியை வாயில் வைக்கிறார், கொல்லையில் 'டொப்' என்று ஒன்று. தகரத்துக்குள் வெடித்ததால் சத்தம் பன்மடங்கு. அடுத்தது 'டொப், டொப்'. அதற்கு அடுத்தது சரமாகப் போனது. பீப்பாயின் கதவு பிய்த்துக்கொண்டு திறந்து, புகை வீட்டுக்குள் குபுகுபுவென்று வந்துவிட்டது. மனிதர் எழுந்தார், ஓடுவதற்குக் கால் வராமல், சுவரோரம் போர்வை விரித்து வைத்திருந்த தகரப் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் சம்சாரம் வேனுக்கு ஓடினார். முனியராஜ் மட்டும் நேரே அடுக்களைக்குப் போய் சினேகாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான். தட்டு மாற்றாமலே கையைப் பிடித்துவிட்டான் என்று பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும்.

தெருவே திரண்டு வந்தது, பிரபாகரா. வாளியும் சாக்குமாக ஓடி வந்தார்கள். நான் இதுவரை சிரிப்பாகத்தான் எழுதி வந்தேன். ஆனால் ஓடி வந்த பொம்பளைகள் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் இந்த ஊரில் யாரும் முதலில் யோசிப்பதில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். வெடித்தது மிளகாய் என்று தெரிந்ததும் பொன்னுத்தங்கம் மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதற்காக உன்னை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

முதல் சத்தத்திலேயே பொன்னுத்தங்கம் போன் போட்டிருந்ததால் தீயணைப்பு வண்டி வந்தது. பின்னாலேயே கள்ள மருந்து பிடிக்கும் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். "மருந்து எங்க வச்சிருக்கீங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. உன் அக்கா அடுக்களைக்குப் போய், மிச்சம் இருந்த கறிக்கலவையைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து நீட்டினாள். "இதுதான் சார் மருந்து." அதிகாரி தொடவில்லை. தீயணைப்புக்காரர் ஒருவர்தான் விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி சார்" என்று அறிக்கை கொடுத்தார்.

இருந்தாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. வீடு முழுக்கச் சோதனை. அரிசிப் பானையில் கையை விட்டார்கள். பீரோவைத் திறந்தார்கள். தலையணையைப் பிதுக்கினார்கள். சாமி படத்துக்குப் பின்னாலும் பார்த்தார்கள். உன் அக்காவின் பழைய சேலைகள் எல்லாம் சம்பந்தி முன்னால் கூடத்தில் குவிந்து கிடந்தன. கடைசியில் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார்கள். "என்னால எந்திரிக்க முடியல சார், காலு ரெண்டும் எங்கிட்ட இல்ல" என்றார் அவர். "நீங்க இருங்க பெரியவரே" என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் கிடைத்தது ஒரே ஒரு தீப்பெட்டி, அதுவும் பொன்னுத்தங்கத்தினுடையது. "ஒண்ணும் இல்லய்யா, சுத்தமான வீடு" என்று அதிகாரி ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் மானம் போனது.

விருந்துக்கு வந்தவர்கள் ஒரு வாய் சாப்பிடாமல் வேன் ஏறினார்கள். கோட்டைச்சாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள், போகிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சினேகா முனியராஜின் போட்டோவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆக, உன் அமெரிக்க மிளகாயால் என் பிள்ளையின் கல்யாணம் நின்றது. நீ அடுத்த முறை ஊருக்கு வரும்போது மல்லாங்கிணற்றுக்குப் போய் அவர்கள் காலில் விழுந்துவிட்டு, அப்புறம் என் வீட்டு வாசலை மிதி. பீப்பாயில் கோழி அடைத்திருக்கிறேன்.

புகை இல்லாத இடமாகப் பார்த்துக் குடியிருந்து, தீர்க்காயுசாக, சொந்தக்காரர்களுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்காமல் வாழ என் ஆசீர்வாதம். உன் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
இன்னும் இருமிக்கொண்டிருக்கும்
வெள்ளைத்துரை

பின்குறிப்பு: அன்புள்ள மாப்பிள்ளை, இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் கோட்டைச்சாமி சம்பந்தி வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கிவிட்டார்! நாற்காலி போட்டோம், வேண்டாம் என்று நேரே அந்தத் தகரப் பெட்டிக்குப் போய், "இந்த எடம் எனக்கு ராசி" என்று உட்கார்ந்தார். "சத்தியம் எவனும் பண்ணுவான். சர்க்காரே வந்து சட்டி பானைய உருட்டி, மருந்து இல்லன்னு சொன்ன வீடு இந்த ஜில்லாவுல வேற எங்கன இருக்கு? எங்கண்ணால பாத்தேன்லா" என்றார். ஆவணியில் கல்யாணம். பந்தியில் அந்த மிளகாய் கட்டாயம் வேண்டுமாம், அன்றைக்குச் சாப்பிடாமல் போனது அவருக்குக் குறையாம். கோழியைத் திறந்துவிட்டேன். மேசை மேல் இருந்த போட்டோவைக் காணோம். மேலே உன்னைத் திட்டியதை எல்லாம் நீயே அடித்துக்கொள்.

சம்பந்தி கிளம்பிப் போனதும் உன் அக்கா போர்வையை விலக்கி அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினாள். வருஷா வருஷம் தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த வெடிப் பெட்டிகளை, சினேகா கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வெடிக்க வேண்டும் என்று எனக்கே தெரியாமல் அதில் அடுக்கி வைத்திருக்கிறாள், விளிம்பு வரை. இதைப் படித்ததும் கிழித்துவிடு. அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எந்திரிக்கக் கால் வரவில்லை.